மொத தடவ பல் டாக்டர்கிட்ட போறீங்களா? உள்ள என்னல்லாம் நடக்கும்னு ஒண்ணு விடாம சொல்றேன்

மொதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. பதினோரு வருஷம் பல் டாக்டர் இருக்கற திசையிலகூட தலை வச்சுப் படுக்காம இருந்துட்டு, ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு கன்னத்தப் புடிச்சுக்கிட்டு ஹால்ல இந்த செவுத்துக்கும் அந்த செவுத்துக்கும் நடந்த ஆளு, அவ்வளவுதான் என் தகுதி. அதுக்கப்புறம் நானும் போயி, வீட்ல ஒவ்வொருத்தரையா கூட்டிட்டுப் போயி கூடவே உக்காந்து, டாக்டர் சலிச்சுக்கற அளவுக்கு கேள்வி கேட்டு தெரிஞ்சுக்கிட்டதத்தான் எழுதறேன். "வலிக்குமா, என்ன பண்ணுவாங்க"ன்னு யாராச்சும் கேட்டுட்டே இருக்காங்க, தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதிட்டா வேலை முடிஞ்சுது.

மொத தடவ போறப்போ பெரும்பாலும் நடக்கறது பேசறது, பாக்கறது, எக்ஸ்ரே எடுக்கறது, நேரம் இருந்தா க்ளீனிங். போன உடனே குறடத் தூக்கிட்டு வர மாட்டாங்க. தாங்க முடியாத வலியோட போனீங்கன்னா மட்டும் அத அடக்கறதுக்கு அன்னைக்கே ஏதாச்சும் செய்வாங்க, அதுவும் உங்கள கேட்டுட்டுதான். அரை மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஆகும்னு வச்சுக்கோங்க.

புக் பண்ணும்போதே

போன்ல "செக்கப்புக்கு வரணும்"னு மட்டும் சொல்லி வச்சுடாதீங்க. மொத தடவ வரேன், இத்தன வருஷமா யாருகிட்டயும் காட்டல, கொஞ்சம் பயம் இருக்கு, இந்தப் பக்கம் வலிக்குது, இதெல்லாம் அப்பவே சொல்லிட்டா உங்களுக்கு கொஞ்சம் நீளமான நேரம் ஒதுக்குவாங்க. சொல்லலேன்னா பதினஞ்சு நிமிஷ ஸ்லாட்டுல உங்கள வச்சிருப்பாங்க, நீங்க போயி பத்து வருஷக் கதைய ஆரம்பிப்பீங்க, வெளிய அடுத்த ஆளு வாட்ச்சப் பாத்துட்டு இருப்பாரு. பயப்படறவங்க காலைல மொத ஸ்லாட்ட கேளுங்க, சாயங்காலம் வாங்கினா நாள் முழுக்க அதையே நெனச்சு நெனச்சு வேலையும் ஓடாது ஒண்ணும் ஓடாது.

போறதுக்கு முன்னாடி சாப்பிட்டுட்டுப் போங்க. "பல்லு பாக்கப் போறோம், சாப்பிடக்கூடாதோ"ன்னு வெறும் வயித்தோட வந்து, பயத்துல தலை சுத்தி சேர்லயே மயங்கி விழற ஆளுங்க நெறைய பேராம். மயக்கம் குடுத்துப் பண்ற ட்ரீட்மெண்ட்டா இருந்தாதான் பட்டினியா வரச் சொல்லுவாங்க, அத முன்கூட்டியே தெளிவா சொல்லிடுவாங்க. சுகர் இருக்கறவங்க வழக்கமான நேரத்துக்கு சாப்பாடு, வழக்கமான மாத்திரை, எதையும் மாத்தாதீங்க. சாப்பிட்டு முடிச்சு சாதாரணமா தேய்ச்சுட்டுப் போனாப் போதும். ஆறு மாசமா ஒழுங்கா தேய்க்காதத அன்னைக்கு காலைல ஒரே மூச்சுல தேய்ச்சு ஈறு கிழிஞ்சு போயி நிக்காதீங்க, எப்படியும் பாத்த உடனே கண்டுபுடிச்சுடுவாங்க.

அடுத்தது நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதை. ராத்திரி முழுக்க வலி, காலைல பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட், நான் என்ன பண்ணேன், எட்டு மணிக்கு ஒரு வலி மாத்திரையப் போட்டுக்கிட்டு ஜம்முனு போயிட்டேன். அவங்க ஒவ்வொரு பல்லா தட்டிப் பாக்கறாங்க, ஐஸ் மாதிரி ஏதோ வச்சுப் பாக்கறாங்க, நான் "இல்ல, வலிக்கல, இல்ல, வலிக்கல"ன்னு சொல்லிட்டே இருக்கேன். கடைசில டாக்டர் கைய கட்டிக்கிட்டு "மாத்திரை ஏதாச்சும் போட்டீங்களா"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். ராத்திரி என்னை வீடு முழுக்க நடக்க வச்ச பல்லு எதுன்னு அன்னைக்கு சரியா கண்டுபுடிக்க முடியாம மறுபடி வரச் சொல்லிட்டாங்க. அதுக்காக வலியப் பொறுத்துக்கிட்டே போங்கன்னு சொல்லல, தாங்க முடியலேன்னா போட்டுக்கோங்க, ஆனா என்ன மாத்திரை, எத்தன மணிக்குன்னு உள்ள போன உடனே சொல்லிடுங்க. வலிக்கற எடத்துல ஈறு மேலயே ஆஸ்பிரின் மாத்திரைய வச்சு அழுத்தற வேலை மட்டும் வேண்டாம், அது ஆசிட், வலி போகாது, ஈறு வெந்து வெள்ளையா உரிஞ்சுதான் போகும்.

ஃபார்ம் குடுப்பாங்க, அலட்சியமா ரொப்பாதீங்க

எல்லாரும் தப்பு பண்ற எடம் இதுதான்னு நெனைக்கறேன். "பல்லுக்கு வந்தா எதுக்கு இதயம், சுகர், எலும்பு எல்லாம் கேக்கறாங்க"ன்னு எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னு டிக் அடிச்சுட்டு குடுத்துடறது. அங்க நாம வாயத் தொறக்க வேண்டியது ரெண்டு தடவ. டாக்டர் பாக்கறதுக்காக தொறக்கறது ரெண்டாவது. மொத தடவ தொறக்கறது உள்ளத சொல்றதுக்கு, அது நடக்கலேன்னா அடுத்தது பாதி வேஸ்ட்.

எதெல்லாம் சொல்லணும்னா, ரத்தம் உறையாம இருக்க சாப்பிடற மாத்திரை ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் இந்த மாதிரி எதுவா இருந்தாலும், ஏன்னா பல்லு எடுத்தா ரத்தம் நிக்க நேரமாகும், அதுக்கு அவங்க முன்னாடியே தயாரா இருக்கணும். பல்லுக்குப் போறோமேன்னு நீங்களா ரெண்டு நாள் முன்னாடி அத நிறுத்தாதீங்க, அடைப்பு வந்துச்சுன்னா பல்லு வலி எவ்வளவோ மேல்னு ஆயிடும், நிறுத்தணுமா வேணாமாங்கறது டாக்டருங்க பேசி முடிவு பண்ண வேண்டியது. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாதிரி மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தா கண்டிப்பா சொல்லணும், வீட்ல பெரியவங்க வாரத்துக்கு ஒண்ணு போடற மாத்திரைதானேன்னு விட்டுடுவாங்க, ஆனா அது இருந்தா பல்லு எடுத்த எடத்துல தாடை எலும்பு ஆறாம போற வாய்ப்பு இருக்கு. செயற்கை இதய வால்வு வச்சிருந்தா சில ட்ரீட்மெண்டுக்கு முன்னாடியே ஆன்டிபயாடிக் குடுப்பாங்க. பென்சிலின் அலர்ஜி, கைல போடற ரப்பர் க்ளவுஸ் அலர்ஜி, கர்ப்பமா இருக்கறது, முன்னாடி எப்பவாச்சும் ஊசி போட்டு மயங்கினது எல்லாம் சொல்லுங்க. சுகர் ஏன் கேக்கறாங்கன்னா அது ரெண்டு பக்கமும் வெட்டும், சுகர் கட்டுப்பாட்டுல இல்லேன்னா ஈறு கெடும், ஈறு கெட்டுக் கெடந்தா சுகரும் சொன்ன பேச்சு கேக்காது.

மாத்திரை பேரு ஞாபகம் இல்லேன்னா வீட்ல இருக்கற எல்லா அட்டையையும் வரிசையா வச்சு ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க. "வெள்ளையா சின்னதா இருக்கும் டாக்டர்"னு சொன்னா அவங்களும் பாவம் என்ன பண்ணுவாங்க.

சிகரெட், புகையிலை, குடி, இதையும் மறைக்காதீங்க. போலீஸ்கிட்ட குடுக்கறதுக்கா கேக்கறாங்க? புகை புடிக்கறவங்களுக்கு ஈறு கெட்டாலும் ரத்தம் கம்மியாத்தான் வரும், அதனால வெளிய பாத்தா நல்லா இருக்கற மாதிரியே தெரியும். அது தெரிஞ்சாதான் டாக்டர் ஆழமாத் தேடுவாங்க.

வலியப் பத்தி சொல்றதுக்கும் ஒரு விதம் இருக்கு. "வலிக்குது"ன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. ஜில்லுன்னு பட்டா சுருக்குன்னு வந்து ரெண்டு செகண்டுல போயிடுதா, இல்ல வந்த வலி நிமிஷக்கணக்கா நிக்குதா? தானா வருதா, கடிச்சா வருதா? ராத்திரி படுத்தா ஜாஸ்தி ஆகுதா? இதுலயே பாதி விஷயம் அவங்களுக்கு பிடிபட்டுடும். வந்து உடனே போற கூச்சம்னா உள்ள இருக்கற நரம்பு இன்னும் பொழைக்கும்னு அர்த்தம், ஃபில்லிங்கோட முடியலாம். தானா வந்து விண்ணு விண்ணுன்னு தெறிச்சு தூக்கத்தக் கெடுத்தா நரம்பு மீள முடியாத அளவுக்குப் போயிருக்கலாம், அப்பதான் ரூட் கேனால், அதாவது கெட்டுப்போன நரம்ப உள்ள இருந்து எடுத்துட்டு அடைக்கற வேலை, அந்தப் பேச்சு வரும். எந்தப் பல்லுன்னு காட்ட முடியலேன்னா வெக்கப்படாதீங்க, மேல் பல்லு வலிய கீழ்ப் பல்லுன்னு நெனைக்கறது ரொம்ப சகஜம். சளி புடிச்சு சைனஸ் அடைச்சிருந்தாக்கூட மேல் கடவாய்ப்பல் வரிசையா வலிக்கும், பல்லுல ஒண்ணுமே இருக்காது, அந்தப் பல்லோட வேரு சைனஸுக்கு அவ்வளவு பக்கத்துல இருக்கு.

சேர்ல உக்காந்த பிறகு

சேர் மெதுவா பின்னாடி சாயும், தலை கால விட கொஞ்சம் கீழ போன மாதிரி இருக்கும், மொத தடவ சாயும்போது கைப்புடிய கெட்டியா புடிச்சுக்குவீங்க, எல்லாரும் அப்படித்தான். மூஞ்சிக்கு மேல லைட்டு. பக்கத்துல தட்டு, அதுல வளைஞ்ச கம்பியெல்லாம் பாத்து பயப்படாதீங்க, அதுல முக்கால்வாசி அன்னைக்கு உங்க வாய்க்குள்ள வராது.

அந்தக் கருவியெல்லாம் எங்க இருந்து வருதுன்னு மட்டும் கவனிங்க. ஒரு பக்கம் பேப்பர், ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கற ஒட்டின கவருக்குள்ள இருந்து உங்க முன்னாடியே பிரிச்சு எடுத்தா நல்லது. கருவிய கவரோட ஆட்டோக்ளேவ்ங்கற மெஷின்ல வச்சு நீராவில 121 டிகிரி செல்சியஸ்ல கால் மணி நேரத்துக்குக் கொறையாம, இல்ல 134 டிகிரில சில நிமிஷம் வேக வைப்பாங்க, வீட்டு குக்கர் தத்துவம்தான். கவர் மேல ஒரு சின்ன குறி இருக்கும், சூட்டுல போயிட்டு வந்தா அது கலர் மாறும். சந்தேகமா இருந்தா "இது சுத்தம் பண்ணதா டாக்டர்"னு கேளுங்க, ஒழுங்கா நடத்தற டாக்டர் கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுக்கிட்டாங்கன்னா அதுவே ஒரு பதில்தான்.

வாய் தொறந்து இருக்கும்போது பேச முடியாது, அதனால தொடங்கறதுக்கு முன்னாடியே ஒரு சைகை பேசி வச்சுக்கோங்க, "இடது கைய தூக்கினா நிறுத்திடுங்க"ன்னு. பெரும்பாலான டாக்டருங்க நம்ம வலது பக்கம் உக்காருவாங்க, வலது கைய தூக்கினா அவங்க கைலயே போயி இடிக்கும், கருவி உள்ள இருக்கறப்போ அது நல்லதில்ல. பல்லக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கலாம்னு நெனைக்காதீங்க, அங்க எங்க பல்லக் கடிக்கறது, வாய்தான் தொறந்து கெடக்குதே.

மொதல்ல பல்லையே பாக்க மாட்டாங்க. தாடைக்கு கீழ, கழுத்துல ரெண்டு பக்கமும் விரல வச்சு கட்டி ஏதாச்சும் தட்டுப்படுதான்னு பாப்பாங்க, காதுக்கு முன்னாடி கைய வச்சு வாயத் தொறந்து மூடச் சொல்லுவாங்க, அங்க "டக்"குனு சத்தம் வருதான்னு. அப்புறம் நாக்க நீட்டச் சொல்லி ஒரு பஞ்சுத்துணியால நுனியப் புடிச்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்து ஓரத்தப் பாப்பாங்க, நாக்குக்கு அடில, கன்னத்துக்கு உள் பக்கம். அது வாய்ப் புற்றுக்கான பார்வை. எங்க வீட்ல ஒருத்தர் "நாக்க எதுக்கு இழுக்கறாங்க, பல்லுக்குதான வந்தோம்"னு வெளிய வந்து ஒரே கோவம், விஷயத்த சொன்னதும்தான் அடங்கினாரு. ஆறாத புண்ணு, வெள்ளை இல்ல செவப்புப் படை மூணு வாரத்துக்கு மேல இருந்தா நீங்களே எடுத்துச் சொல்லுங்க.

அப்புறம் பல்லு. டாக்டர் ஏதோ நம்பரா சொல்லிட்டே போவாங்க, பக்கத்துல உள்ளவங்க எழுதுவாங்க. "நாப்பத்தாறு, பதினேழு"ன்னா, அட நமக்கு மொத்தமே முப்பத்திரண்டு பல்லுதான, நாப்பத்தாறு எங்க இருந்து வந்துச்சுன்னு நான் முழிச்சேன். வாய நாலு பாகமா பிரிச்சு, மேல வலது 1, மேல இடது 2, கீழ இடது 3, கீழ வலது 4, ஒவ்வொண்ணுலயும் நடுவுல இருந்து 1 முதல் 8 வரைக்கும் எண்றாங்க. அப்ப நாப்பத்தாறுன்னா கீழ வலது பக்கம் ஆறாவது, பெரிய கடவாய்ப்பல்லுல மொதல்ல இருக்கறது. எட்டுல முடிஞ்சா ஞானப்பல்லு. அமெரிக்கால வேற மாதிரி, 1 முதல் 32 வரைக்கும் நேரா எண்ணுவாங்க. இது தெரிஞ்சிருந்தா அவங்க பேசறது பாதி உங்களுக்கே புரியும், பில்லுலயும் எந்தப் பல்லுக்கு என்ன போட்டிருக்காங்கன்னு சரி பாக்கலாம்.

அடுத்து ஈறு. மெல்லிசா ஒரு கம்பி, நுனி மொட்டையா இருக்கும், மேல மில்லிமீட்டர் கோடு போட்டிருக்கும். அத பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கற சந்துல மெதுவா விட்டு ஆழம் பாப்பாங்க, முழுசா பாத்தா ஒரு பல்லுக்கு ஆறு எடம். நான் மல்லாந்து லைட்டப் பாத்துட்டு கேட்டுட்டே இருக்கேன், "மூணு, ரெண்டு, மூணு. ரெண்டு, ரெண்டு, மூணு", ஏதோ தாளம் சொல்ற மாதிரி போயிட்டே இருக்கு, திடீர்னு "அஞ்சு", ஒரு நிமிஷம் அமைதி, "அஞ்சு, ரத்தம் வருது"ன்னாங்க. யாரும் எதுவும் விளக்காமலேயே எனக்கு அடிவயித்துல ஏதோ ஆச்சு. 1ல இருந்து 3 வரைக்கும்னா நல்லது. 4ம் அதுக்கு மேலயும்னா ஈறு பல்ல விட்டு விலகி அங்க பை மாதிரி ஆகுதுன்னு அர்த்தம், ப்ரஷ் அங்க எட்டாது. இது வலியெல்லாம் பெருசா இல்ல, வீங்கின எடத்துல மட்டும் சுருக்குங்கும். எல்லா க்ளினிக்லயும் மொத நாளே எல்லாப் பல்லுக்கும் இத பண்ண மாட்டாங்க, மேலோட்டமா பாத்துட்டு தேவைப்பட்டா இன்னொரு நாள் பண்ணுவாங்க. "ஈறு ஆழம் எவ்வளவு டாக்டர்"னு நீங்க கேட்டீங்கன்னா உங்கள ஒரு மாதிரி மரியாதையா பாப்பாங்க, அனுபவத்துல சொல்றேன்.

எக்ஸ்ரே

ரெண்டு பல்லுக்கு நடுவுல வர்ற சொத்தை, வேரு நுனில சீழ், எலும்பு எவ்வளவு எறங்கியிருக்கு, இதெல்லாம் கண்ணால பாத்தா தெரியாது. சின்ன எக்ஸ்ரேன்னா வாய்க்குள்ள ஒரு சென்சார வச்சு கடிக்கச் சொல்லுவாங்க, அது உள்ள குத்தற மாதிரி இருக்கும், சிலருக்கு கொமட்டும். கொமட்டினா மூக்கால மெதுவா மூச்ச இழுத்துக்கிட்டு ஒரு கால லேசா தூக்கி வச்சுக்கோங்க, கவனம் கால் மேல போயிடும், சிரிக்காதீங்க, வேலை செய்யுது. பெரிய எக்ஸ்ரே, ஓபிஜின்னு சொல்றது, அதுல நீங்க நின்னுட்டே இருக்க மெஷின் தலையச் சுத்தி வரும், வாய்க்குள்ள நுனில ஒரு கட்டையக் கடிச்சுக்கறதோட சரி. காதுல கழுத்துல போட்டிருக்கறத கழட்டச் சொல்லுவாங்க.

கதிர்வீச்சுன்னு பயப்படறவங்களுக்கு, டிஜிட்டல்ல எடுக்கற சின்ன பல் எக்ஸ்ரே ஒண்ணு ரெண்டுக்கு நம்ம மேல படறது, சும்மா இருந்தாலே மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் ஒரு நாள்ல நம்ம மேல படற அளவுதான், முன்னப் பின்ன. உலகத்துலயே மொதல் பல் எக்ஸ்ரேவ 1896 ஜனவரில ஜெர்மனில ஓட்டோ வால்கோஃப்ங்கற பல் டாக்டர் தன் வாயிலயே எடுத்துக்கிட்டாரு, அதுக்கு 25 நிமிஷம் அசையாம கெடந்திருக்காரு. இப்ப ஒரு செகண்டுகூட ஆகாது. கர்ப்பமா இருந்தா மட்டும் மறக்காம முன்னாடியே சொல்லிடுங்க, தள்ளிப் போட முடிஞ்சா தள்ளிப் போடுவாங்க.

க்ளீனிங், அதாவது ஸ்கேலிங்

இது அன்னைக்கே நடக்கலாம், அடுத்த தடவைக்கும் போகலாம். பல்லு மேல படியற மெத்துன்னு ஒரு அழுக்கு, அத எடுக்காம விட்டா ரெண்டு மூணு நாள்லயே எச்சில்ல இருக்கற சுண்ணாம்புச் சத்து சேந்து கெட்டியாக ஆரம்பிச்சுடும், அதுதான் காரை. கெட்டியானப்புறம் எந்த ப்ரஷ்ஷுக்கும் அசையாது. கீழ் முன்பல்லோட உள் பக்கம் நாக்க வச்சுத் தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா அதுதான். அங்க ஏன் ஜாஸ்தின்னா எச்சில் சுரப்பியோட வாசல் நாக்குக்கு அடில அங்கதான் இருக்கு.

ஸ்கேலர் கருவி ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சாயிரம் தடவைக்கு மேல அதிரும், அந்த அதிர்வுல காரை ஒடைஞ்சு விழும், சூடாகாம இருக்க தண்ணி பீச்சிட்டே இருக்கும். கீச்சுன்னு ஒரு சத்தம் மண்டைக்குள்ள கேக்கும். வலிய விட அந்த சத்தமும், தொண்டைக்குள்ள தண்ணி போயிடுமோங்கற பயமும்தான் பெருசா இருக்கும். எச்சிலையும் தண்ணியையும் உறிஞ்ச ஒரு குழாய் ஓரத்துல போட்டிருப்பாங்க, நீங்க மூக்கால மூச்சு விட்டா போதும், முழுங்கணும்னா கைய தூக்குங்க.

நடுவுல கொப்பளிக்கச் சொல்லுவாங்க. துப்பினா செவப்பா வரும், அதுல சின்னச் சின்னதா பழுப்புக் கல்லு மாதிரி விழும். நான் அதப் பாத்துட்டு, நாக்கால தடவிப் பாத்தா முன்பல்லுக்கு நடுவுல இடைவெளி வேற, "பல்ல ஒடைச்சுட்டாங்க"ன்னே முடிவு பண்ணிட்டேன். டாக்டர் சிரிச்சுட்டே கண்ணாடியக் குடுத்தாங்க. பல்லு அப்படியேதான் இருந்துச்சு, வருஷக்கணக்கா அந்த சந்த அடைச்சுட்டு இருந்த காரைதான் போயிருந்துச்சு. "ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடும், இடைவெளி விழும்"னு ஊரெல்லாம் சொல்றதோட மூலம் இதுதான். பல்லு மேல இருக்கற எனாமல் ஒடம்புலயே கெட்டியான பொருள், சரியா பண்ற ஸ்கேலிங்ல அது போயிடாது. ஏற்கனவே எலும்பு கரைஞ்சு ஆடிட்டு இருந்த பல்ல காரை செமெண்டு மாதிரி புடிச்சு வச்சிருந்தா, அத எடுத்ததும் ஆட்டம் தெரியும், அது உண்மை. ஆனா ஆட வச்சதே அந்த காரையும் அதோட இருந்த கிருமியும்தான்.

நாலஞ்சு நாளைக்கு ஜில்லுன்னு பட்டா கூசும், ஈறு லேசா வலிக்கும். ஒரு வாரத்துல அடங்கிடும்.

ஊசி போட வேண்டி வந்தா

மொத தடவையே இது வர்றது கம்மி, வந்தா தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஈறு மேல மொதல்ல மரத்துப் போற ஜெல் தடவுவாங்க. ஒரு நிமிஷமாச்சும் ஊற விட்டாதான் அது வேலை செய்யும். ஊசி மெதுவா போட்டா வலி கம்மி, வலிக்கறது ஊசி நுனிய விட மருந்து வேகமா உள்ள தள்றதுலதான், "மெதுவா போடுங்க டாக்டர்"னு கேக்கலாம், தப்பே இல்ல. சில பேருக்கு போட்ட உடனே நெஞ்சு படபடன்னு அடிக்கும், மருந்தோட கலந்திருக்கற அட்ரினலின் வேலை அது, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல போயிடும். மரத்தப்புறமும் அழுத்தறது, ஆட்றது, சத்தம் எல்லாம் தெரியும், கூர்மையான வலி மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா இடது கை, இன்னும் கொஞ்சம் மருந்து போடுவாங்க.

உதடு ரெண்டு மணி நேரத்துல இருந்து நாலஞ்சு மணி நேரம் வரைக்கும் தடிச்சுப் போன மாதிரி இருக்கும், கண்ணாடில பாத்தா சாதாரணமாத்தான் இருக்கும். அது தெளியற வரைக்கும் சூடா எதுவும் வேண்டாம், மென்னு சாப்பிடவும் வேண்டாம், கன்னத்தக் கடிச்சது மரப்பு போனப்புறம்தான் தெரிய வரும். குழந்தைங்கன்னா கூடவே உக்காந்து பாத்துக்கோங்க, வேடிக்கையா இருக்குன்னு உதட்ட மென்னு மென்னு புண்ணாக்கிடுவாங்க.

கடைசில டாக்டர் உக்கார வச்சு பேசுவாங்க

இங்கதான் நாம தலைய தலைய ஆட்டிட்டு வந்துடறோம். சேர்ல படுத்துட்டே கேக்காதீங்க, சேர நிமித்தச் சொல்லி எழுந்து உக்காந்து எக்ஸ்ரேவப் பாத்துட்டே கேளுங்க. எந்தப் பல்லு, காட்டுங்க. இத இப்படியே விட்டா என்ன ஆகும், எத்தன நாள்ல ஆகும்? வேற வழி இருக்கா? எத்தன தடவ வரணும்? மொத்தமா எவ்வளவு, எழுதிக் குடுப்பீங்களா? என்னைக் கேட்டா இதுல ரெண்டாவது கேள்விதான் தங்கம். "இன்னைக்கே செய்யணும்"ங்கறதுக்கும் "ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்"ங்கறதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கேள்வில வெளிய வந்துடும்.

எல்லாக் கறுப்புக் கோடும் சொத்தை இல்ல, எல்லா சொத்தையையும் உடனே குடையவும் வேண்டியதில்ல. பல்லு மேல ஓட்டை விழறதுக்கு முன்னாடி வெள்ளையா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரு புள்ளி வரும், அந்த நெலைல ஃப்ளோரைடும் ஒழுங்கான தேய்ப்பும் இருந்தா திரும்ப கெட்டியாக வாய்ப்பு இருக்கு, டாக்டர் "இத கவனிச்சுட்டு இருப்போம்"னு சொன்னா வேலை தெரியாம சொல்லல. மாறா மொத நாளே ஏழெட்டுப் பல்லுக்கு பெரிய லிஸ்ட்டு போட்டு "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க"ன்னா, வலி இல்லாத பட்சத்துல யோசிச்சு சொல்றேன்னு எழுந்து வந்துடுங்க, எக்ஸ்ரேவ போன்ல வாங்கிட்டுப் போயி இன்னொரு டாக்டர்கிட்ட காட்டுங்க. அது அவங்கள அவமானப்படுத்தறது ஆகாது.

சில சமயம் தள்ளிப் போடவே கூடாது, அதையும் சொல்லிடறேன். மூஞ்சி வீக்கம் கண்ணு பக்கமோ கழுத்துப் பக்கமோ எறங்குது, காய்ச்சல் இருக்கு, வாயத் தொறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, மூச்சு விட கஷ்டமா இருக்குன்னா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க. நெஞ்சு இறுக்கம், வேர்வையோட கீழ்த்தாடை வலிச்சாலும் அப்படித்தான், அது பல்லு வலியாவே இல்லாம இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து

ஈறுல ரத்தம் வருதேன்னு அந்த எடத்த தொடாம விட்டுடறோம் பாருங்க, அங்கதான் தப்பு. ரத்தம் வர்றது பெரும்பாலும் அங்க அழுக்கு இருக்கறதால. மெத்துன்ன ப்ரஷ்ஷ வச்சு ஈறு ஓரத்த விடாம மெதுவா தேய்ச்சுட்டே வந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல கொறைஞ்சுடும், கொறையலேன்னா திரும்பப் போங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, ரெண்டு நிமிஷம், பேஸ்ட்டுல ஃப்ளோரைடு இருக்கான்னு டியூப்பத் திருப்பிப் பாருங்க, பெரியவங்களுக்கு 1000ல இருந்து 1500 பிபிஎம் வரைக்கும். தேய்ச்சு முடிச்சு துப்பினாப் போதும், தண்ணி ஊத்தி கொப்பளிச்சு அந்த ஃப்ளோரைட கழுவி விட்டுடாதீங்க. எனக்கு இது பழகவே ஒரு மாசம் ஆச்சு, வாய் பூரா நொரையோட இருக்கற மாதிரியே ஒரு உணர்வு.

அடுத்து எப்ப வரணும்னு கேட்டுட்டு வாங்க. ஆறு மாசம்னு எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்ல, பிரிட்டன்ல மருத்துவத்துக்கு வழிகாட்டுதல் போடற நைஸ் (NICE) அமைப்பு சொல்றபடி பெரியவங்களுக்கு வாயோட நெலையப் பொறுத்து 3 மாசத்துல இருந்து 24 மாசம் வரைக்கும் மாறும். எனக்கு அந்த அஞ்சு இருந்ததால மூணு மாசத்துல வரச் சொன்னாங்க. கிளம்பும்போது எக்ஸ்ரே, ஈறு அளந்த சார்ட்டு ரெண்டையும் காப்பி கேட்டு வாங்கிக்கோங்க, நாளைக்கு டாக்டர் மாறினாலும் புதுசா மறுபடி எல்லாத்தையும் எடுக்க வேண்டியிருக்காது. என்னோடது போன்ல இருக்கு. மூணு மாசம் கழிச்சுப் போனப்போ அதே எடத்துல "நாலு"ன்னாங்க, ரத்தம்ங்கற வார்த்தைய சொல்லல. நான் வாயத் தொறந்து வச்சுக்கிட்டே சிரிக்கப் பாத்தேன், உறிஞ்சற குழாய் நாக்கப் புடிச்சுக்கிச்சு.